வாக்வா குளிர்ல மாவு பொங்கல, துணி காயல, சந்தை நாளும் பிடிபடல

புதுக்குடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து மே மாசம் வாக்வாவுக்குக் குடிவந்திருக்கோம். மொரிஷியஸ்னா வருஷம் பூரா வெயில்தான்னு சொல்லி அனுப்பினாங்க. இங்க ராத்திரி ஸ்வெட்டர் இல்லாம உக்கார முடியல. பகல்ல கண்ணுக்கே தெரியாத தூறல் வேற. மூணு விஷயத்துக்கு வழி சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.

முதல்ல மாவு. நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, மிக்ஸியில அரைச்சு, அவனுக்குள்ள லைட்டைப் போட்டு ராத்திரி பூரா வைக்கிறேன். காலையில பார்த்தா வச்ச அளவுலயே நிக்குது. இட்லி தட்டையா, கெட்டியா வருது.

அடுத்தது துணி. மொட்டை மாடியில தெற்குப் பக்கம் வெயில் நல்லா விழும்னு அங்கதான் கொடி கட்டியிருக்கோம். ரெண்டாம் நாளும் ஈரம் போகல. பள்ளிக்கூடச் சட்டையில முடை நாத்தம் வருது.

அப்புறம் சாமான். கடையில 'தோல்'னு போட்டிருக்கிற மஞ்சள் பருப்புல சாம்பார் வச்சா குழையவே மாட்டேங்குது. காய்கறிக்கு எந்த ஊர்ச் சந்தை என்னைக்குன்னும் தெரியல. வியாழக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனா பாதிக் கடை மூடிக் கிடக்கு. ஏன்?

ரோஸ்ஹில் சமையல்கட்டு எழுதியது:

வாங்க தங்கச்சி. உங்க அரிசியிலயும் உளுந்துலயும் குறை இல்ல, சூடுதான் பத்தல. இட்லி மாவு நல்லாப் பொங்க 28லிருந்து 32 டிகிரி வேணும். வாக்வா 400 மீட்டருக்கு மேல இருக்கிற ஊர். ஜூலை, ஆகஸ்ட் ராத்திரியில 14, 15 டிகிரிக்கு இறங்கிடும். திருச்சியில எட்டு மணி நேரத்துல ஆகுற வேலை இங்க ஒரு முழு நாள் ஆனாலும் அரைகுறையாத்தான் நிக்கும்.

இதுல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. மாவு வைக்கிற இடத்தைச் சூடாக்குறாங்க, மாவைச் சூடாக்குறதில்ல. குழாய்த் தண்ணியில ஊறின அரிசியை அதே தண்ணி விட்டு அரைச்சா மாவே 17, 18 டிகிரியிலதான் இருக்கும். ரெண்டு லிட்டர் மாவு நடுவரைக்கும் சூடேறவே பாதி ராத்திரி ஆயிடும். அதுக்கப்புறம் புளிக்க நேரம் எங்க இருக்கு? அதனால அரைக்கும்போதே மாவை வெதுவெதுப்பாக்கிடணும்.

மிக்ஸிக்கு அளவு இப்படி வச்சுக்குங்க: இட்லி அரிசி 600 கிராம், முழு வெள்ளை உளுந்து 200 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன், கெட்டி அவல் ஒரு கைப்பிடி. கிரைண்டர்னா நாலுக்கு ஒண்ணு சரி. மிக்ஸியில உளுந்து அவ்வளவு உபரி காணாது, அதனால மூணுக்கு ஒண்ணு. இந்திய மளிகைக் கடையில இட்லி அரிசி இல்லைன்னா புழுங்கல் அரிசி வாங்குங்க. பாஸ்மதி வேண்டாம், இட்லி ஒட்டும்படி வரும்.

உளுந்தையும் வெந்தயத்தையும் ரெண்டு தடவைக்கு மேல கழுவாதீங்க. மாவைப் புளிக்க வைக்கிற நுண்ணுயிர் பெரும்பாலும் உளுந்தோடயேதான் வருது, தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினா அதுவும் தண்ணியோட போயிடும். குளிர்ல உளுந்து ஊற நாலு மணி நேரம் பத்தாது, ஆறு மணி நேரம் விடுங்க. ஊறின தண்ணியைக் கொட்டாம லேசாச் சூடு பண்ணி அதையே விட்டு அரைங்க. விரலை விட்டா இதமா இருக்கணும், சுடக்கூடாது. 40 டிகிரியைத் தாண்ட விடாதீங்க, கொதிக்கிற தண்ணி விட்டா புளிக்க வைக்கிற உயிரே செத்துடும்.

200 கிராம் உளுந்துக்கு மொத்தம் 350 மில்லி தண்ணி வரைக்கும் இழுக்கும். ஒரே தடவையில ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. ஒரு நிமிஷம் ஓட்டி அரை நிமிஷம் நிறுத்தினா மோட்டாரும் தாங்கும், மாவும் காத்தைப் பிடிக்கும். ஒரு சொட்டைக் கிண்ணத் தண்ணியில போட்டா மிதக்கணும். அதுதான் பதம். அரிசியோட அவலைச் சேர்த்துச் சன்ன ரவை பதத்துல எடுங்க. ரெண்டையும் கையாலயே ஒரு நிமிஷம் நல்லாக் கலந்து, உப்புல பாதியை மட்டும் இப்போ போடுங்க, சுமாரா ஒரு டீஸ்பூன். மீதியை இட்லி ஊத்தும்போது போட்டுக்கலாம். குளிர் நாள்ல உப்பு முழுசும் முதல்லயே விழுந்தா புளிப்பு இன்னும் மந்தமாகும்.

முந்தின மாவுல ஒரு கரண்டி எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சிருந்தா அதைப் புது மாவுல கலந்துடுங்க. தயிருக்கு உறை மோர் மாதிரி வேலை செய்யும். மே மாசத்திலிருந்து செப்டம்பர் வரைக்கும் அந்த ஒரு கரண்டியை விட்டுடாதீங்க.

அடுத்தது வைக்கிற இடம். கடற்கரைக்கு எடுத்துட்டுப் போற ஐஸ் பெட்டி இருக்கில்ல, 25, 30 லிட்டர் பெட்டி, அதுதான் இங்க சரியான இடம். மாவுப் பாத்திரம் பாதிதான் நிறைஞ்சிருக்கணும். பக்கத்துல ஒன்றரை லிட்டர் பாட்டில் ரெண்டுல சுடுதண்ணி நிரப்பி நிறுத்தி மூடிடுங்க. தண்ணி 55 டிகிரி அளவுல இருந்தா போதும், கொதிக்கிற தண்ணி ஊத்தினா பிளாஸ்டிக் பாட்டில் சுருண்டு போகும். பாட்டில் பாத்திரத்தைத் தொடாம ரெண்டு விரல் இடம் விடுங்க, இல்லைன்னா அந்தப் பக்க மாவு மட்டும் வேகமாப் புளிச்சுடும். சாயங்காலம் ஆறு மணிக்கு வச்சா படுக்கப் போறப்போ தண்ணியை ஒரு தடவை மாத்துங்க. காலை ஆறு மணிக்கு இருமடங்கா நிக்கும்.

நீங்க அவன் லைட்டைச் சொன்னீங்க. அந்தப் பல்பு எல்ஈடியான்னு பாருங்க. பழைய இழை பல்பு 25 வாட்னா அவனுக்குள்ள தேவையான சூடு வரும். எல்ஈடி வெளிச்சம் மட்டும்தான் கொடுக்கும், மாவுக்குப் பிரயோஜனமில்ல.

சோடா உப்பு போட்டா இட்லி உப்பும், ஆனா புளிப்பே இருக்காது, வாய்ல காரல் தட்டும். பிரெட் ஈஸ்ட் போட்டா சீக்கிரம் பொங்கும், மறுநாளே பீர் வாடை வந்துடும். ரெண்டும் வேண்டாம். பொங்கின மாவை அடிவரைக்கும் போட்டுக் கலக்காதீங்க, பிடிச்சு வச்சிருக்கிற காத்தெல்லாம் போயிடும். மேலாப்புல மொண்டு தட்டுல ஊத்துங்க. அடியில மிச்சமாகுறது தோசைக்கு. மேல ரோஸ் நிறமோ பச்சையோ திட்டாத் தெரிஞ்சா அந்த மாவை அப்படியே கொட்டிடுங்க, வழிச்சுப் போட்டுட்டு மீதியை உபயோகிக்கிற வேலை கூடாது.

மேட்டுக்காற்று எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். துணி காயாததற்கு முதல் காரணம் கொடி கட்டிய திசை. நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 டிகிரியில் இருக்கிறோம். தமிழ்நாட்டில் மார்கழி வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து விழும். இங்கே ஜூன் மாதம் நண்பகலில் சூரியன் வடக்கே நிற்கும், அதுவும் 46 டிகிரி உயரத்தில்தான். உங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியோ படிக்கட்டு அறையோ இருந்தால் அதன் தெற்குப் பக்கம் நாள் முழுக்க நிழலாகவே கிடக்கும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை மட்டும்தான் நண்பகல் சூரியன் தலைக்குச் சற்றுத் தெற்கே போகும். மற்ற மாதங்களில் வடக்குப் பக்கம்தான் வெயில் பக்கம். வீடு பார்க்கும்போதும் இதை மனதில் வையுங்கள். தெற்குச் சுவரை ஒட்டிய படுக்கையறையில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும்.

இரண்டாவது, காற்று. குளிர்காலம் முழுக்கத் தென்கிழக்கிலிருந்து காற்று வீசும். கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மேட்டில் ஏறும்போது குளிர்ந்து தூறலாக இறக்கிவிடும். ஆண்டுக்கு நடு மேட்டில் 4000 மி.மீ. மழை, மேற்குக் கரையில் 900 மி.மீ. அளவுதான். வாக்வாவில் குடை பிடித்து நிற்கும் அதே நேரத்தில் மேற்குக் கரை ஊரான ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக்கில் வெயில் அடிப்பது இதனால்தான்.

துணியைக் காயவைப்பதில் வெயிலைவிடக் காற்றுக்கே பங்கு அதிகம். கொடியை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கட்டினால் காற்று துணியின் முகத்தில் நேராக மோதும், மதியத்துக்கு மேல் மறுபக்கத்தில் வெயிலும் விழும். வானம் தெளிந்த நாளுக்கு இது சரி. தூறல் நாளில் தூறலும் அதே தென்கிழக்கிலிருந்துதான் வருகிறது, ஆகவே வீட்டின் வடமேற்குப் பக்கம் மழை மறைவு. அங்கே சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இரண்டாவது கொடி ஒன்று வேண்டும். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு போட்டு, பக்கங்களை அடைக்காமல் விடுங்கள். நான்கு பக்கமும் அடைத்த கொட்டகையில் துணி காயாது, வேகத்தான் செய்யும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஜூன் மாதத்தில் 6:40 வாக்கில் விடிந்து 5:40 வாக்கில் சூரியன் மறைகிறது. காலை ஏழரைக்குள் துணி கொடிக்குப் போய்விட வேண்டும். இயந்திரத்தில் துணி பிழியும் சுற்று நிமிடத்துக்கு 1000க்குக் குறைந்தால் ஒரு முறைக்கு இருமுறை பிழிய விடுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்தில் போகிற தண்ணீர் அங்கேயே ஐந்து நிமிடத்தில் போய்விடும். சட்டையை அடிவிளிம்பில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், துணிக்குத் துணி நான்கு விரல் இடைவெளி. ஜீன்ஸ், பள்ளிக் காற்சட்டை போன்றவற்றை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பையை இழுத்து விடுங்கள், கடைசியாகக் காய்வது பைதான். நண்பகலில் ஒரு முறை திருப்பிப் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மூன்றரை மணிக்குத் துணியை எடுத்துவிடுவது. வெயில் சாய்ந்ததும் காற்றின் ஈரப்பதம் ஏறும், காய்ந்த துணி ஈரத்தைத் திரும்பக் குடிக்கும். அலுவலகம் முடிந்து ஆறு மணிக்கு வந்து எடுப்பவர்கள் 'காலையிலிருந்து கிடக்கிறது, காயவில்லை' என்று வருந்துவது இதனால்தான். பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் முந்தின இரவே துவைத்து, பிழிந்து, கூரையுள்ள கொடியில் போட்டுவிடுங்கள்.

முடை நாற்றம் ஈரத்தில் ஆறு ஏழு மணி நேரத்துக்கு மேல் கிடந்த துணியில் பெருகும் நுண்ணுயிரால் வருவது. வாசனைத் திரவம் அதை மூடி மறைக்கும், போக்காது. வெள்ளைப் பருத்திச் சட்டையை 60 டிகிரியில் ஒரு முறை துவையுங்கள், சலவைத்தூளைப் பாதியாகக் குறையுங்கள், கடைசி அலசலில் 100 மில்லி வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். துவைத்து முடிந்த துணியை இயந்திரத்துக்குள் விட்டுவைக்காதீர்கள். கதவின் ரப்பர் வளையத்தைத் துடைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள்.

வாரம் முழுக்கத் தூறும் காலமும் உண்டு. அப்போது துணியை எல்லா அறையிலும் விரிக்காமல் ஒரே அறையில் போட்டு, கதவைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் மின்கருவியை ஓட்டுங்கள். அது இல்லையென்றால் சன்னலை ஒரு சாண் திறந்து மேசை விசிறியைத் துணியின் கீழ்ப்பாதிக்குத் திருப்பி வையுங்கள். படுக்கையறையில் மட்டும் காயவைக்க வேண்டாம். பட்டுப் புடவைகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடம் விடுங்கள். கற்பூரம் பூச்சியை விரட்டும், ஈரத்தை எடுக்காது. ஈரத்துக்குக் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் பேரங்காடியில் கிடைக்கின்றன. தண்ணீர் நிறைந்ததும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும், அது புடவையில் சிந்தினால் கறை போகாது.

சந்தைப்பை எழுதியது:

வாக்வாவுக்குச் சந்தை செவ்வாயும் வெள்ளியும். பக்கத்துல கியூர்பிப் புதனும் சனியும். காத்ர் போர்ன்லயும் காய்கறி புதன், சனிதான், அங்கயே வியாழன், ஞாயிறு துணிச் சந்தை. வாக்வாவையும் காத்ர் போர்னையும் வச்சுக்கிட்டா வாரத்துல நாலு நாள் பச்சைக் காய் கிடைக்கும், ஃபிரிட்ஜ்ல அடைக்கவே வேண்டாம். கீரை வாங்கணும்னா காலை ஏழு மணிக்குள்ள போங்க. மூணு மணிக்கு மேல போனா விலை இறங்கும், ஆனா கீரை வாடிப் போயிருக்கும். வெங்காயம், உருளை, பூசணி, சௌசௌ மாதிரிக் கெட்டிக் காய்க்குச் சாயங்காலம் போறதுல தப்பில்ல.

வியாழன் மதியத்துக்கு மேல மேட்டு ஊர்கள்ல, வாக்வா, கியூர்பிப், ரோஸ் ஹில், காத்ர் போர்ன் எல்லாத்துலயும், சின்னக் கடைங்க மூடுறது ரொம்ப நாள் வழக்கம். போர்ட் லூயியில அதே மாதிரி சனி மதியம். ஞாயிறு பல கடைங்க அரை நாள்தான். தையல்கடை, பாத்திரக்கடை, செருப்பு ரிப்பேர் மாதிரி வேலையெல்லாம் செவ்வாய், புதன்ல முடிச்சுடுங்க. பேரங்காடிங்க வியாழனும் திறந்திருக்கும்.

விலை கேட்கும்போது ஒண்ணு கவனம். சந்தையில சொல்ற விலை பெரும்பாலும் ஒரு 'லிவ்'வுக்கு, அதாவது அரைக் கிலோவுக்கு. கிலோன்னு நினைச்சு மனசுல கணக்குப் போட்டா பை நிறையிறப்போ பணம் ரெண்டு மடங்கா ஆகியிருக்கும். கீரையெல்லாம் கட்டு, 'பாக்கே'ன்னு கேளுங்க. முருங்கைக் கீரை 'பிரேட் முரூம்', மணத்தக்காளி 'பிரேட் மார்த்தாங்', சேம்பு இலை 'பிரேட் சோன்ஜ்', வெண்டைக்காய் 'லாலோ', பீர்க்கங்காய் 'பிபாங்காய்', பாகற்காய் 'மார்கோஸ்'. புடலங்காய், கொத்தமல்லி, கறிவேப்பிலை எல்லாம் நம்ம பேருக்குப் பக்கத்துலயே இருக்கும், வாய்விட்டுக் கேட்டாலே எடுத்துக் கொடுப்பாங்க. 'சாஃப்ரான்'னு விக்கிறது மஞ்சள், குங்குமப்பூன்னு நினைச்சுப் பாயசத்துல போட்டுடாதீங்க. சேம்பு இலை மட்டும் புதுசா வாங்குறப்போ ஜாக்கிரதை. புளி சேர்த்து நல்லா வேக விடலைன்னா நாக்கு, தொண்டை எல்லாம் அரிக்கும்.

பை எடுத்துட்டுப் போங்க. தாழை ஓலையில பின்னின கூடைப் பை சந்தையிலயே விக்கிறாங்க, கீரை நசுங்காம வரும், காத்தும் போகும்.

பருப்பு விஷயத்துக்கு வரேன். இங்க 'தோல்'னா உடைச்ச மஞ்சள் பட்டாணி. இங்கத்த தோல் பூரி ரொட்டிக்கும், 'காத்தோ பிமாங்'னு சொல்ற மிளகாய் வடைக்கும் அதுதான் சரக்கு. அது துவரை மாதிரி கரையாது. சாம்பாருக்குத் துவரம் பருப்பு தனியாக் கேட்டு வாங்குங்க. பட்டாணிப் பருப்புலயே வைக்கணும்னா வெதுவெதுப்பான தண்ணியில ஒரு மணி நேரம் ஊற வச்சு, ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணி, மஞ்சள், ஒரு டீஸ்பூன் எண்ணெய் போட்டுக் குக்கர்ல 12 நிமிஷம் விடுங்க. எண்ணெய் கட்டாயம், இந்தப் பருப்பு ரொம்ப நுரைக்கும், நுரை வெயிட் ஓட்டையை அடைச்சுடும். குக்கர் பாதிக்கு மேல நிறையக் கூடாது. உப்பும் புளியும் பருப்பு வெந்த பிறகுதான். புளியை முன்னாடி போட்டா எத்தனை விசில் விட்டாலும் நிமிர்ந்தே நிக்கும்.

வடைக்கு இந்தப் பருப்பு ரொம்ப நல்லா இருக்கும். குளிர்ல ஆறு மணி நேரம் ஊறட்டும், தண்ணியைச் சுத்தமா வடிச்சுட்டு, தண்ணியே விடாம ஒண்ணு ரெண்டா அரைங்க. 250 கிராம் பருப்புக்கு வெங்காயத்தாள் ரெண்டு தண்டு, கொத்தமல்லி, பச்சை மிளகாய் நாலு. உருட்டிப் போடுறப்போ எண்ணெய்ல உதிர்ந்து போச்சுன்னா ஈரம் அதிகம்னு அர்த்தம். மைதா சேர்க்காதீங்க, அந்தப் பருப்புலயே ஒரு பிடி எடுத்து நைஸா அரைச்சுக் கலந்தா பிடிச்சுக்கும். ரொட்டியில வெண்ணெய் தடவி ரெண்டு வடையை நசுக்கி வச்சா பசங்களுக்குக் காலை டிபன் முடிஞ்சது.

புதுக்குடி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, பார்த்துட்டேன், அவன் பல்பு எல்ஈடிதான். ஐஸ் பெட்டி இல்லாம வேற வழி இருக்கா? தயிரும் உறைய மாட்டேங்குது, பெட்டிப் பால்தான் வாங்குறோம். தேங்காய் எண்ணெய் பாட்டில்ல கட்டியா நிக்குது, கலப்படமா?

மேட்டுக்காற்று ஐயா, வடமேற்குப் பக்கம் கார் நிறுத்துற கூரை இருக்கு. அங்க கொடி கட்டலாமா?

சந்தைப்பை அண்ணா, போர்ட் லூயி பெரிய சந்தைக்குப் போனா விலை குறைவா?

ரோஸ்ஹில் சமையல்கட்டு எழுதியது:

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறையும், அது சுத்தமான எண்ணெய்க்கும் உண்டு. வாய் அகலமான பாட்டில்ல மாத்தி வச்சுக்குங்க, ஸ்பூன்ல எடுக்கலாம். தாளிக்கிறதுக்குப் பாட்டிலை அடுப்பு மேல காட்டாதீங்க, கிண்ணத்துச் சுடுதண்ணியில நிறுத்தினா போதும்.

ஐஸ் பெட்டி இல்லைன்னா அஞ்சு லிட்டர் பிரஷர் குக்கரை எடுத்துக்குங்க. அடியில ரெண்டு விரக்கடை சுடுதண்ணி, உள்ள மாவுப் பாத்திரம், மேல மூடி மட்டும், வெயிட் வேண்டாம். குக்கரைக் கம்பளியில சுத்திப் பழைய அட்டைப் பெட்டிக்குள்ள வச்சுடுங்க. நாலஞ்சு மணி நேரம் சூடு நிக்கும், ஒரு தடவை தண்ணி மாத்தணும். மின் பல்வகைக் குக்கர் வச்சிருக்கவங்க தயிர் பொத்தானைக் குறைந்த சூட்டுல வச்சா அது தானா 30 டிகிரியை ஒட்டிப் பார்த்துக்கும். தயிருக்குன்னு இருக்கிற சாதாரணச் சூட்டுல மாவை வச்சுடாதீங்க, அது 40க்கு மேல போகும், மாவு ஓரத்துல வெந்து நிக்கும்.

தயிருக்குப் பெட்டிப் பால் தாராளமா ஆகும். ஏற்கெனவே உயர்ந்த சூட்டுல பதப்படுத்தினது, கொதிக்க வைக்கத் தேவையில்ல. அரை லிட்டர் பாலை 45 டிகிரிக்குச் சூடு பண்ணி, பால் பவுடர் ரெண்டு டேபிள்ஸ்பூன் கரைச்சா கெட்டியா வரும். உறை ஒரு டேபிள்ஸ்பூன், முதல்ல ரெண்டு கரண்டிப் பால்ல கலக்கிட்டு அப்புறம் முழுசுலயும் ஊத்துங்க. கடைத் தயிர் உறைக்கு வாங்குறப்போ இனிப்பு, பழம் போடாத வெறும் தயிராப் பாருங்க, உயிருள்ள நுண்ணுயிர் இருக்கணும். மாவு வைக்கிற அதே குக்கர்ல, தண்ணி மட்டும் இன்னும் கொஞ்சம் சூடா வச்சு, ஆறு மணி நேரம் அசைக்காம விடுங்க. நூல் விட்டு வந்தா சூடு பத்தலைன்னு அர்த்தம். தண்ணி பிரிஞ்சு நின்னா நேரம் அதிகமாப் போச்சு.

மேட்டுக்காற்று எழுதியது:

கார் கூரையின் கீழ் தாராளமாகக் கட்டலாம். கூரையின் அடியை ஒட்டிக் கட்டாமல் ஒரு முழம் கீழே இறக்கிக் கட்டுங்கள், ஈரக்காற்று மேலே தேங்காமல் வெளியேற வழி வேண்டும். காரை ஓட்டி வந்து நிறுத்தியதும் புகை வாடை துணியில் ஏறும், ஆகவே பகலில் மட்டும். இரும்புக் கம்பி வேண்டாம், இந்த ஈரத்தில் ஒரே பருவத்தில் துருப்பிடித்து வெள்ளைச் சட்டையில் கோடு விழும். பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியோ நைலான் கயிறோ போதும்.

கடலோரம் எழுதியது:

மேட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வடகம், வற்றல், அப்பளம் எல்லாம் ஜூன், ஜூலையில் வாக்வாவில் போட முயல வேண்டாம். இரண்டாம் நாளே அடியில் பூஞ்சணம் பிடிக்கும். இந்தத் தீவில் மழை மிகக் குறைந்த மாதம் அக்டோபர். அப்போது மேற்குக் கரையில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி கிடைத்தால், மூன்று முழு வெயிலில் மோர் மிளகாய் முறுகிவிடும். ஒரு வருடத்துக்கு வேண்டியதை அப்போதே போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள்.

நவம்பரிலிருந்து எல்லாம் தலைகீழ். கரையோரத்தில் மாவு ஆறு ஏழு மணி நேரத்தில் பொங்கி வழியும், உப்பு முழுவதையும் முன்பே போட வேண்டிவரும், வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பதில் குளிர்ந்த தண்ணீரில் அரைக்க வேண்டும். ரவை, கடலைமாவு, சத்துமாவு மூன்றையும் ஃபிரிட்ஜில் வையுங்கள், வண்டு வைக்கும்.

புயல் பருவமும் அப்போதுதான். எச்சரிக்கை நான்கு நிலைகளில் வரும். முதல் நிலை வந்தால் எரிவாயு, குடிநீர், மெழுகுவர்த்தி, ரொட்டி வாங்க இன்னும் அவகாசம் இருக்கிறது. இரண்டாம் நிலையில் கடைகளில் கூட்டம் முண்டும். மூன்றாம் நிலைக்குள் எல்லோரும் வீடு சேர்ந்திருக்க வேண்டும், பேருந்து நின்றுவிடும். நான்காம் நிலை என்றால் மணிக்கு 120 கி.மீ. வேகக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், கதவைத் திறக்கவே கூடாது. முதல் நிலை அறிவித்ததும் புதிதாக மாவு அரைக்காதீர்கள். மின்சாரம் போனால் மாவுதான் முதலில் வீணாகும். ஃபிரிட்ஜில் இருப்பதை அன்றே தோசையாக வார்த்துவிடலாம். புயல் போன பின் கீரையும் தக்காளியும் சில வாரங்களுக்கு விலை ஏறி நிற்கும். பூசணி, சேனை, மரவள்ளி, பருப்பு கையிருப்பில் இருந்தால் சமாளிக்கலாம்.

சந்தைப்பை எழுதியது:

போர்ட் லூயிக்குக் காய்கறிக்காக மட்டும் போக வேண்டாம் தங்கச்சி. விலையில பெரிய வித்தியாசம் இருக்காது, தூக்கிட்டு வர்ற பாடுதான் மிச்சம். மசாலா, புளி, கருவாடு, பூஜைச் சாமான், பாத்திரம்னு ஒண்ணாச் சேர்த்து வாங்குறதா இருந்தா மாசம் ஒரு தடவை போகலாம். மெட்ரோ 2022 அக்டோபர்லயிருந்து கியூர்பிப் வரைக்கும் ஓடுது, வாக்வாவுலயே ஏறலாம். விக்டோரியா நிலையத்துல இறங்கி நடந்து போற தூரம்தான் சந்தை. காலை எட்டு மணி வாக்குல ஆபீஸ் கூட்டம் நெருக்கும், ஒன்பதரைக்குக் கிளம்பினா பையோட நிக்க இடம் இருக்கும். மூணு மணிக்குள்ள திரும்பிடுங்க, அதுக்கப்புறம் திரும்புற வண்டியும் நிறைஞ்சுடும். போர்ட் லூயியில வெயில் சுரீர்னு அடிக்கும், வாக்வாவுல இறங்குறப்போ தூறும், அதனால ஸ்வெட்டரோட ஒரு குடையும் பையில இருக்கட்டும். மீன் வாங்கினா ரெண்டு உறை போட்டுக் கட்டச் சொல்லுங்க. ஊர்லயிருந்து மிக்ஸி கொண்டுவந்திருக்கீங்க இல்ல? மின்சாரம் இங்கயும் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்தான், மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நம்ம ஊர் உருண்டை மூணு முள் பிளக் இங்கத்த சாக்கெட்ல சேராது. எர்த் முள் உள்ள அடாப்டராப் பார்த்து வாங்குங்க, ரெண்டு முள் அடாப்டர்ல ஈரக் கையோட மிக்ஸி ஓட்டாதீங்க.